டெல்லியிலிருந்து மதுரைக்கு: குடித்தனத்தைக் கிலோ கணக்கில் நகர்த்திய கதை

வீட்டுக்கு வந்து பார்க்காமலே, வீட்டுச் சாமான் ஏற்றிப்போகும் கம்பெனிக்காரர் ஒருவர் போனில் 38,000 என்றார். நேரில் வந்து, பீரோவைத் திறந்து, கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்த இன்னொருவர் 62,000, ஜிஎஸ்டி தனி என்றார். பேக்கிங், மூவிங் எல்லாம் சேர்ந்த சேவைக்கு 18 சதவீதம். ஆக 73,160 ரூபாய். டெல்லி மயூர் விஹாரிலிருந்து மதுரைக்கு, இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமானுக்கு. வேலையை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதால் கம்பெனி கொடுக்கும் என்ற பேச்சே இல்லை.

38,000 ஆசை காட்டியது உண்மைதான். ஆனால் மாடி வீட்டு அக்கா முந்தின வருடம் இப்படிப் போனில் பேசியவரிடம்தான் சாமானை ஒப்படைத்தார். வண்டி ஊர் போய்ச் சேர்ந்ததும், "கன அடி கூடிவிட்டது, இன்னும் 15,000 போட்டால்தான் இறக்குவோம்" என்று தெருமுனையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். சாமான் அவர்கள் வண்டியில் இருக்கும்போது நாம் என்ன வாதாட முடியும்? கொடுத்துத்தான் இறக்கினார்.

அன்று ராத்திரி பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூக்க முடிந்ததை எல்லாம் மாட்டிப் பார்த்து நோட்டில் எழுதினேன். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. ஆனால் எழுதி முடித்ததும் ஒன்று புரிந்தது: நாங்கள் 62,000 கொடுத்துக் கொண்டுபோக இருந்ததில் பாதிக்கு மேல் கட்டில், பீரோ, சோபா, ஃபிரிட்ஜ். கட்டில் பிளைவுட், ஒருமுறை கழற்றி மாட்டியதிலேயே ஆட ஆரம்பித்திருந்தது. ஃபிரிட்ஜுக்குப் பத்து வயது. இவற்றை 2,600 கிலோமீட்டருக்கு மேல் சுமந்துபோக, அவற்றின் விலையைவிடக் கூலி அதிகம்.

விற்றோம். சோபாவும் பீரோவும் அமர் காலனி பழைய சாமான் கடைக்காரரிடம் போயின. ஃபிரிட்ஜைக் கீழ் வீட்டுப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 19,000. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். நாங்கள் ஒரு மாதம் முன்பே ஆரம்பித்ததால் இவ்வளவாவது தேறியது.

ஸ்கூட்டரை மட்டும் விடமாட்டேன் என்றார் அவர். ரயிலில் போடலாம்தான்: டேங்கில் பெட்ரோல் சொட்டு இல்லாமல் வடிக்க வேண்டும், ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும், வண்டியைச் சாக்குச் சுற்றிக் கட்ட வேண்டும். ஆனால் செலவு அதோடு நிற்காது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் புது நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்கு டெல்லி ஆர்டிஓவில் படிவம் 28 போட்டு என்ஓசி என்ற தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் மறுபடி சாலை வரி, பழைய வரியைத் திரும்பக் கேட்டு இன்னொரு அலைச்சல். கணக்கைக் காட்டியதும் பேச்சு நின்றது. இப்போது டிஎன் 59-இல் ஒரு பழைய வண்டி ஓட்டுகிறார், சந்தோஷமாகத்தான்.

மிச்சத்தை மூன்றாகப் பிரித்தோம்.

புத்தகம் 60 கிலோ. இதற்குத் தபால்தான். புத்தகங்களுக்கென்றே 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது; நாங்கள் கிளம்பியது அடுத்த மாதம் என்பது எங்கள் அதிர்ஷ்டம். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு கட்டு, தினம் மூன்றாக நான்கு நாள் கொண்டுபோய்ப் போட்டேன். விளம்பரம் வரும் பத்திரிகைகளுக்கு இது செல்லாது. அதனால் பத்து வருடமாகச் சேர்த்த தீபாவளி மலர்களைக் கவுன்டரிலிருந்து திரும்பத் தூக்கிவந்தேன். அவை பழைய பேப்பருக்குப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

அடுத்தது ரயில் பார்சல். பாத்திரம், துணி, மிக்சி, கிரைண்டர். இதில் கற்றுக்கொண்டதுதான் அதிகம். டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து மதுரைக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தியும் நேராகப் போகின்றன. இரண்டுமே தினசரி வண்டி இல்லை. தினமும் இருக்கிறதே என்று சென்னை வண்டியில் போட்டால், அங்கே இறக்கி, வேறு வண்டிக்கு மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். நாள் காத்திருந்தாலும் நேர் வண்டியில் போடுவதே மேல்.

அட்டைப்பெட்டி இதற்கு ஆகாது. பார்சல் பல கை மாறும், மேலே இன்னொரு மூட்டை ஏறும். நாங்கள் பழைய நீல டிரம் மூன்று வாங்கினோம், மூடியை இறுக்கும் வளையத்தோடு. பாத்திரங்களுக்கு இடையே துணியைத் திணித்தால் இரண்டும் ஒரே டிரம்மில் அடங்கிவிடும். மீதியைச் சாக்கில் போட்டுக் கோணி ஊசியால் தைத்தோம். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் பெயர், போன் நம்பர், புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன். இதையே ஒரு தாளில் எழுதி உள்ளேயும் போட்டேன்.

பார்சல் அலுவலகத்தில் ஃபார்வர்டிங் நோட் என்ற படிவத்தை நிரப்பும்போது மதிப்பு என்ன என்று ஒரு கட்டம் வரும். அவசரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மதிப்பை எழுதி அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு கிலோவுக்கு 50 ரூபாய்தான் உச்சம். ஐந்து கிலோ மிக்சிக்கு 250 ரூபாய்! டிக்கெட்டோடு லக்கேஜாகப் பதிந்தால் கிலோவுக்கு 100. நாங்கள் கிரைண்டரும் மிக்சியும் இருந்த டிரம்முக்கு மட்டும் மதிப்பு எழுதினோம். பழைய துணிக்கு எதற்கு?

ரசீது முக்கியம், அந்த ஊரில் சாமானை எடுக்க அசல் வேண்டும். வந்து சேர்ந்ததும் இலவச நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும். டிரம், சாக்கு, கூலி எல்லாம் சேர்த்து 4,000 ஆனது.

வாஷிங் மெஷின், மெத்தை, டிவி, சாப்பாட்டு மேசை ஆகியவைதான் லாரிக்கு. முழு லாரி பேசவில்லை, பார்ட் லோடு. தெற்கிலிருந்து சரக்கு ஏற்றிவந்த லாரி காலியாகத் திரும்பாது, ரிட்டர்ன் லோடு தேடும். அந்த இடத்தில் நம் சாமானும் ஒரு மூலையில் ஏறும். சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் நான்கு இடம் விசாரித்தோம். குமாஸ்தா முதலில் பில் கேட்டார். வீட்டில் பயன்படுத்திய சாமானுக்கு, சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில் தேவையில்லை என்பது விதியிலேயே இருக்கிறது. "விற்பனைக்கு அல்ல, சொந்த உபயோகத்தில் இருந்தவை" என்று பட்டியலோடு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் ஏற்றுக்கொண்டார். வாஷிங் மெஷின் வாங்கியபோது டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் நான்கு போல்ட் இருக்குமே, அவற்றை ஒன்பது வருடம் பத்திரமாக வைத்திருந்த மனிதர் என் வீட்டுக்காரர். அன்று அவற்றை மறுபடி மாட்டும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எட்டு நாள் என்றார்கள், பத்தொன்பது நாள் ஆனது. லாரி நிறைந்தால்தான் கிளம்பும் என்பதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. அதுவரை பாய்தான். இன்னொன்று, பார்ட் லோடு குடோனிலிருந்து குடோனுக்குத்தான். இங்கே ஒரு டெம்போ, மதுரையில் ஒரு குட்டியானை, இரண்டு பக்கமும் ஏற்றி இறக்கும் கூலி என்று சேர்த்துத்தான் 11,000.

நகை, சான்றிதழ், லேப்டாப் எங்களோடு ரயிலில் வந்தன. மூன்றடுக்கு ஏசியில் ஆளுக்கு 40 கிலோ இலவசம். மூன்று பேருக்கு 120 கிலோ என்று நோட்டில் எழுதும்போது சுகமாக இருந்தது. நிஜாமுதீன் படிக்கட்டில் அந்தச் சுகம் போய்விட்டது.

இவ்வளவு திட்டம் போட்டும் ஒன்றில் கோட்டை விட்டேன். கேஸ் சிலிண்டரைக் கொண்டுபோகக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கி, டெர்மினேஷன் வவுச்சர் பெற வேண்டும். அந்தத் தாளைக் காட்டினால் புது ஊரில் இணைப்பு. எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். வவுச்சரைச் சமையலறைக் காகிதங்களோடு ஒரு கவரில் போட்டு, கவரை இட்லிப் பானைக்குள் வைத்து, பானையை டிரம்முக்குள் வைத்து மூடிவிட்டேன். இடம் இருந்தால்தான் அதே வண்டியில் ஏறும் என்று பார்சல் அலுவலகத்தில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். டிரம் எங்களுக்கு ஐந்து நாள் பின்னால் வந்தது. ஐந்து நாளும் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அப்பா வீட்டில் சாப்பாடு. எழுபத்தி நான்கு வயதில் தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டிருந்தவர், நான்கு பேருக்கு மூன்று வேளையும் ரசம் வைத்தார். ரசம் மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

செலவுக் கணக்கை மறைக்க வேண்டாம். தபால், ரயில், லாரி மூன்றும் ஏறக்குறைய 16,500. மதுரையில் புதுக் கட்டில், பழைய ஃபிரிட்ஜ், பீரோ என்று 34,000. விற்று வந்த 19,000-ஐக் கழித்தால் நிகரம் 31,500. 73,160 எங்கே, இது எங்கே. கூடவே இரண்டு பேரின் ஒரு மாத சனி, ஞாயிறு. அதற்கு விலை போடத் தெரியவில்லை. கைக்குழந்தையோ முழுநேர வேலையோ இருந்தால் நானே அந்த 62,000 ஆளைக் கூப்பிட்டிருப்பேன்.

கடைசியாக வந்தது லாரிச் சாமான். குட்டியானையிலிருந்து மேசையை இறக்கிய லோடுமேன் தம்பி, வாடகை வீட்டு மாடிப்படியை ஒருமுறை பார்த்தார், மேசையை ஒருமுறை பார்த்தார். "ஏன்க்கா, அளந்து பார்க்கலையா?"

எடை பார்த்திருந்தேன். 41 கிலோ, நோட்டில் இருக்கிறது. கால் கழற்ற முடியாத மேசை. இப்போது அப்பா வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. காலையில் பேப்பரை அதில் விரித்து வைத்துத்தான் படிக்கிறார்.