மாமனாரின் தட்டு வைத்தியம்

எங்கள் காரின் இடது ஹெட்லைட் எரிகிறதா இல்லையா என்று வீட்டில் இரண்டு கட்சி. எரிகிறது என்பார் குனிந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பவர். இழை லேசாகச் சிவந்திருப்பது அவருக்குத் தெரியும். எரியவில்லை என்பார் இருட்டில் வண்டி ஓட்டுபவர்.

மாமனார் மூன்றாவது கட்சி. விளக்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், பளீரென்று எரிந்தது. “அவ்வளவுதான் மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தெருமுனை திரும்புவதற்குள் விளக்கு மறுபடி சிவக்கத் தொடங்கியது. தட்டினால் எரிகிறது என்றால் எங்கோ ஒரு இணைப்பு சரியாக ஒட்டவில்லை என்று பொருள். ஆனால் கைமேல் பலன் கண்ட வைத்தியரிடம் அதை யார் சொல்வது?

பானெட்டைத் திறந்து வைத்தால் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. எதிர்வீட்டு இயற்பியல் ஆசிரியர் வந்தார். கழற்றி வைத்திருந்த பல்பில், வோல்ட்டும் ஓமும் அளக்கிற மல்டிமீட்டரை வைத்தார். மின்தடை அரை ஓம்கூட இல்லை. “55 வாட் பல்பு, 12 வோல்ட் பேட்டரி. 12-ஐ 12-ஆல் பெருக்கி 55-ஆல் வகுத்தால் 2.6 ஓம் வர வேண்டும். இது உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது” என்று தீர்ப்பளித்தார். கணக்கு சரிதான்; பல்பும் சரிதான். டங்ஸ்டன் இழை கொதிக்கக் கொதிக்க எரியும்போதுதான் அந்த 2.6 ஓம் இருக்கும். ஆறிக் கிடக்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வாதாடுவானேன் என்று அதே பல்பை வலது பக்கம் மாட்டினேன். ஜம்மென்று எரிந்தது. “சுவாரஸ்யம்” என்றார் ஆசிரியர். தோல்வியை அவர் அப்படித்தான் உச்சரிப்பார்.

அடுத்து, இடது பக்க இணைப்பானில் வோல்ட் பார்த்தேன். 12.5. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பல்பு நன்றாக இருக்கிறது, கரண்டும் வந்து நிற்கிறது. விளக்கு மட்டும் எரியாது. இந்த இடத்தில்தான் பலர் மனம் வெறுத்து ரிலே, சுவிட்ச் என்று கண்ணில் பட்டதையெல்லாம் மாற்ற ஆரம்பிப்பார்கள். மல்டிமீட்டர் பொய் சொல்லாது; ஆனால் அதற்குப் பசி கிடையாது. வாசலில் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி, துருவின் வழியாகக் கசிகிற துளி மின்னோட்டமே அதற்குப் போதும். பல்போ நாலரை ஆம்பியர் கேட்கும். அப்போதுதான் பாதையின் லட்சணம் தெரியவரும்.

உண்மையான துப்பு கொடுத்தவர் என் மனைவி. “லோ பீமில்தானே போட்டிருக்கிறீர்கள், பிறகு ஏன் ஹை பீமின் நீல விளக்கு மினுங்குகிறது?” என்று காருக்குள் இருந்து கேட்டார். கையில் ஸ்குரூடிரைவர் இல்லாதவர் கேட்ட கேள்வி என்பதால் வைத்தியரும் விஞ்ஞானியும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேள்வி அருமையானது. இந்த வகைப் பல்பில் இழைகள் இரண்டு: அருகில் பாய்ச்சும் லோ பீமுக்கு ஒன்று, தூரம் பாய்ச்சும் ஹை பீமுக்கு ஒன்று. முனைகள் மூன்று. இரண்டு இழைக்கும் எர்த், அதாவது மின்னோட்டம் வண்டியின் உடல் தகடு வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, ஒன்றுதான். அந்த எர்த் அடைத்துக்கொண்டால் லோ பீமுக்கு வந்த மின்னோட்டம் சும்மா நிற்காது. ஹை பீம் இழைக்குள் பின்வாசல் வழியாகப் புகுந்து, அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு வலது பக்கத்து ஹை பீம் இழைக்கும் டாஷ்போர்டு விளக்குக்கும் போய், அங்கே எர்த் தேடிக்கொள்ளும். இத்தனை இடம் சுற்றினால் யாருக்கும் முழு வோல்ட் கிடைக்காது. இடது பல்பு சிவப்பதும் நீல விளக்கு மினுங்குவதும் ஒரே கோளாறு.

பல்பை மறுபடி இடது பக்கம் மாட்டி, விளக்கைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் எர்த் முனையிலும் வைத்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 7 வோல்ட்! அந்த இரண்டு இடங்களையும் ஒரு தனி ஒயரால் இணைத்ததும் விளக்கு கண்ணைப் பறித்தது. நீல விளக்கு அடங்கியது.

எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், ஹெட்லைட்டுக்குப் பின்னால் உடல் தகட்டில் ஒரு போல்ட். ஒயர் முனையின் வளையத்துக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. தகடு செதில் செதிலாகத் துருவேறியிருந்தது. உப்புத்தாள் போட்டு இரண்டையும் பளபளக்கத் தேய்த்து, முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியதும் 7 வோல்ட் 0.1-க்கும் கீழே இறங்கிவிட்டது. மாமனார் வந்து குனிந்து பார்த்தார். போல்ட்டுக்கும் அவர் தட்டிய இடத்துக்கும் நான்கு விரற்கடைதான் இடைவெளி. “நான் தட்டியது சரியான இடம்தானே மாப்பிள்ளை?” என்றார். மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

இப்போது வலது விளக்கு மங்கலாகத் தெரிகிறது. அதன் எர்த்தையும் அளந்தேன், சுத்தமாக இருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் மூடி மஞ்சளித்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். இதற்குத் தட்டினால் பலன் இருக்காது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.