அகமதாபாத்துக்கு ஒலிம்பிக்ஸ், எனக்கு அரை ஷேவிங்

முகத்தில் நுரை இருக்கும்போது உலக விவகாரம் எதிலும் கருத்து சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் பிளேடு கிழித்துவிடும். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு சலூனில் அந்த ஞாயிறு நடந்த விவாதம் முழுவதையும் நான் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கன்னம் முடிந்திருந்தது, இடது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது, சலூன்காரர் கத்தியும் கையுமாக டிவியில் மூழ்கியிருந்தார்.

டிவியில் ஓடியது இதுதான். 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டன, 1930-ல் கனடாவின் ஹாமில்டனில் ஆரம்பித்த போட்டிக்கு அது நூறாவது வருஷம், அடுத்த குறி 2036 ஒலிம்பிக்ஸ். 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்திலேயே பிரதமர் இதை அறிவித்துவிட்டார், அடுத்த வருஷம் விருப்பக் கடிதமும் போயாயிற்று. யாருக்குக் கொடுப்பது என்று கமிட்டி இன்னும் முடிவெடுக்கவில்லை. எங்கள் சலூனில் எடுத்துவிட்டார்கள். எடுத்த கையோடு கவலைப்படவும் ஆரம்பித்துவிட்டார்கள், ஏதோ எங்கள் பேட்டை எம்.சி. ரோட்டில்தான் மாரத்தான் ஓடப்போகிறது என்கிற மாதிரி.

பெஞ்சில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். முடி வெட்ட வருபவர் இல்லை, வெட்ட அங்கே ஒன்றும் இல்லை, பேப்பர் படிக்க வருபவர். பேப்பரை மடித்து வைத்தார்.

"மான்ட்ரியல்னு ஒரு ஊரு கீது, கனடாவுல. 1976-ல அங்க ஒலிம்பிக்ஸ் வெச்சாங்கோ. அந்த ஊரு மேயரு இன்னா சொன்னாரு தெரியுமா? ஆம்பளைக்கு எப்டி புள்ள பொறக்காதோ, அப்டி ஒலிம்பிக்ஸ்ல நஷ்டமும் வராதுன்னாரு."

சலூன்காரர் என் தாடைக்கடியில் கத்தியை நிறுத்தினார். "அப்பால?"

"அப்பால இன்னா, பொறந்துச்சு. கடனைக் கட்டி முடிக்க 2006 ஆச்சு. முப்பது வருஷம். சிகரெட்டு மேல வரி போட்டுதான் அடைச்சாங்கோ."

வாசல்படியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் இதைக் கேட்டதும் அணைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, "பாத்தியா, எந்த ஊரா இருந்தாலும் நம்மாளுங்கதான் அடைக்கணும்" என்று பெருமையாக இன்னொரு இழுப்பு இழுத்தார்.

அடுத்தது தண்ணீர். வட சென்னையில் எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றித் தண்ணீரில்தான் போய் நிற்கும், ஒன்று குழாயில் வராத தண்ணீர், இல்லையென்றால் வீட்டுக்குள் வந்த தண்ணீர். இதைக் கிளப்பியது சிவில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையன். பாரிஸில் செய்ன் நதியில் நீந்த 1923-லிருந்தே தடையாம். 2024 ஒலிம்பிக்ஸுக்காக ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவு செய்து சுத்தப்படுத்தினார்களாம். அங்கே மழைத்தண்ணீருக்கும் சாக்கடைக்கும் பல இடங்களில் ஒரே பழைய குழாய்தான், பெரிய மழை பெய்தால் தாங்காமல் எல்லாமே ஆற்றில் கொட்டிவிடும், அதைப் பிடித்து வைக்கவே நிலத்துக்கடியில் 50,000 கன மீட்டருக்கு ஒரு தொட்டி கட்டினார்கள். தண்ணீர் சுத்தம்தான் என்று காட்ட மேயரம்மாவே நேரில் ஆற்றில் இறங்கி நீந்தினார். அப்படியும் தொடக்க விழா அன்று மழை கொட்டி, அந்த ஆற்றில் நீந்த வேண்டிய ஆண்கள் டிரையத்லானை ஒரு நாள் தள்ளிவைக்க வேண்டியதாகிவிட்டது.

இதுவரை எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அந்தப் பையன் ஒரு தகவல் சொன்னான் பாருங்கள். இவ்வளவு காசைக் கொட்டுகிறார்களே என்று கடுப்பான பாரிஸ்காரர்கள் சிலர், மேயர் நீந்தும் நாளில் எல்லோரும் ஆற்றிலேயே வெளிக்குப் போவோம் என்று இணையத்தில் மிரட்டினார்களாம். சலூனே குலுங்கியது. கழுத்தில் கத்தி இருந்ததால் நான் மூக்கால் மட்டும் சிரித்தேன்.

"நம்ம பக்கிங்காம் கால்வாய்க்கு அந்த மிரட்டலே தேவையில்ல" என்றார் பீடிக்காரர்.

"படகுப் போட்டிய மட்டும் நம்மகிட்ட குடுக்கச் சொல்லு. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை இருக்குது. ஒரு நாள் மழை போதும், செலவே இல்ல."

"ஒலிம்பிக்ஸ் ஜூலைலபா. அப்போ அங்க பஸ் போகும்."

நியாயமான ஆட்சேபம்தான். படகுப் போட்டி அதோடு கைவிடப்பட்டது.

சலூன்காரர் இதுவரை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். இப்போது கத்தியைத் துண்டில் துடைத்து வைத்துவிட்டார், வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அவருக்குக் கடனும் இல்லை, நதியும் இல்லை, கடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகர ஷீட்தான் கவலை. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே செஸ் போர்டு மாதிரி கறுப்பு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள் அல்லவா, அதைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்து படம் எடுத்தவர் அவர். "சோக்கா இருந்துச்சு. ஆனா பெயின்ட் நேப்பியர் பாலத்தோட நின்னுடும், பேசின் பிரிட்ஜைத் தாண்டி நம்ம பக்கம் வராது. இடிக்கிற வண்டி மட்டும் தாண்டி வரும்."

பெரியவர் உடனே எடுத்துக்கொடுத்தார். 2020-ல் அமெரிக்க அதிபர் வந்தபோது அதே அகமதாபாத்தில் குடிசைப் பகுதியை மறைத்து ரோட்டோரம் சுவர் கட்டினார்கள். 2010 டெல்லி காமன்வெல்த்தில் போட்டி தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் நடைமேம்பாலம் இடிந்து வேலையாட்களுக்குக் காயம். குரங்குத் தொல்லைக்கு லங்கூர் குரங்குகளைக் கொண்டுவந்து காவலுக்கு விட்டார்கள்.

"குரங்குக்கெல்லாம் வேலை போட்டுக் குடுத்தாங்களா?" என்றார் பீடிக்காரர். அவர் மகன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். யாரும் பதில் சொல்லவில்லை.

நான் எழுந்து மீதியை வீட்டில் முடித்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கேரம் பையன்கள் வந்தார்கள். சலூனுக்குப் பின்னால் ஒரு கேரம் போர்டு உண்டு. பவுடர் தீர்ந்தால் சலூன் பவுடரைக் கேட்காமலே எடுத்துப்போவது அவர்கள் வழக்கம். அன்றும் டப்பாவைத் தூக்கியவன், விவாதத்தைக் கேட்டதும் நின்றுவிட்டான்.

"ண்ணா, நடத்துற நாடு அவங்களுக்குப் புடிச்ச ஆட்டத்தச் சேக்கச் சொல்லிக் கேக்கலாமே? டோக்கியோல கராத்தே சேத்தாங்க. பாரிஸ்ல பிரேக் டான்ஸ். 2028-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிரிக்கெட்டும் ஸ்குவாஷும் வருது. நாம நடத்துனா கேரம் ஏன் கூடாது?"

சலூனில் சத்தமே இல்லை. இது விளையாட்டுப் பேச்சு அல்ல. புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி என மூன்றிலும் தங்கம் அடித்துவிட்டு வந்தவர். இந்தப் பக்கம் ஸ்டிரைக்கர் பிடிக்கும் எந்தக் குழந்தையிடமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

"கபடியே வரிசைல நிக்குதுடா" என்றார் பெரியவர். "1936-ல பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல ஆடிக் காட்டினாங்கோ. 2036 வந்தா அதுக்கு நூறு வருஷம்."

"கபடிக்கு மேட்டு போடணும், ஸ்டேடியம் கட்டணும். கேரமுக்கு இன்னா வேணும் தாத்தா? போர்டு, மேல ஒரு பல்பு, நாலு ஸ்டூலு."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மனதுக்குள் மான்ட்ரியல் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார் என்று கண்ணாடியிலேயே தெரிந்தது. "நஷ்டம் வராதுபா" என்றார் கடைசியில். "கேரம்னா வராது."

அவ்வளவுதான், கவலையெல்லாம் போன இடம் தெரியவில்லை. கேரமை மட்டும் சென்னைக்குக் கேட்பது, இடம் ராயபுரமா தண்டையார்பேட்டையா, வெளிநாட்டுக்காரர்களுக்குக் காசிமேட்டு வஞ்சிரம் வறுத்துத் தரும் ஒப்பந்தம் யாருக்கு என்று பேச்சு விறுவிறுவென்று போனது. தகர ஷீட்டைத் தானே உள்ளே இழுத்துக்கொள்வதாகச் சலூன்காரர் பெருந்தன்மையாக அறிவித்தார். அந்தச் சந்தோஷத்தில் என் இடது கன்னத்தையும் முடித்துவிட்டார், பவுடர் போடக் கையை நீட்டினால் டப்பா இல்லை, அது பின்பக்கம் 2036-க்கான பயிற்சிக்குப் போய்விட்டிருந்தது.

காசை எடுத்துக் கொடுக்கும்போது அவர் ரகசியமாக என் காதருகே குனிந்தார். "ஒருவேளை கேரமையும் அங்கயே வெச்சுட்டா? சென்ட்ரல்லேருந்து அகமதாபாத்துக்கு நேர் வண்டி இருக்குதா தம்பி?"

"நவஜீவன் இருக்குண்ணா. ஆனா முன்பதிவு அறுபது நாளைக்கு முன்னாடிதான் திறக்கும்."

"அறுபது நாளா? அப்போ வெயிட்டிங் லிஸ்ட்தான்" என்றவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார், "பெருசு, துறைமுக கோட்டாவுல ரயில் டிக்கெட் எதுனா கிடைக்குமா?"