நாடி அலைப் பரிசோதனை செய்துகொண்டேன்

வீட்டில் பார்த்தால் பிரஷர் 132, 134 என்று நிற்கும். மருத்துவரின் அறையில் 142க்கு ஏறிவிடும். மாத்திரை ஆரம்பிப்பதா, நடையும் உப்புக் குறைப்புமாக இன்னும் கொஞ்ச காலம் பார்ப்பதா என்ற கட்டத்தில், தமனிகள் எந்த அளவுக்கு விறைத்திருக்கின்றன என்று நாடி அலைப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

கையில் பட்டை சுற்றி எடுக்கும் பிரஷர் அலையின் உச்சியையும் அடியையும் மட்டும்தான் சொல்கிறது. நடுவே அலை எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்பது அதில் வராது. இதயம் சுருங்கும்போது பெருந்தமனியில் கிளம்பும் அழுத்த அலை, கிளை பிரியும் இடங்களிலும் சிறு தமனிகளிலும் மோதித் திரும்புகிறது. தமனி நெகிழ்வாக இருந்தால் அது நிதானமாகப் போய், இதயம் தளரும் நேரத்தில் திரும்பி வந்து சேரும். இதயத் தசைக்கு ரத்தம் பாய அது துணை செய்கிறது. விறைத்த தமனியிலோ அது வேகமாகத் திரும்பி, இதயம் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்து நிற்கும். வயதானவர்கள் பலருக்கு மேல் எண் ஏறிக் கீழ் எண் இறங்குவதில் தமனியின் இந்த விறைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

பரிசோதனைக்கு 3 மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, காபி, டீ, சிகரெட் எதுவும் வேண்டாம் என்றார்கள். முந்தைய இரவு மதுவும் கூடாது. வழக்கமான மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம், 10 நிமிடம் மல்லாந்து படுத்து ஓய்வு. பேசவும் கூடாது, தூங்கிவிடவும் கூடாது. எனக்கு அறை சில்லென்று இருந்ததால் ஏசியைக் குறைக்கச் சொன்னேன். குளிரில் சிறு தமனிகள் சுருங்கி அலையின் வடிவமே மாறும் என்பதால், தயங்காமல் கேட்டுவிடுவது நல்லது.

முதலில் மணிக்கட்டு. டெக்னீஷியன் விரலால் நாடியைத் தேடிப் பிடித்து, பேனா போன்ற உணர்கருவியின் நுனியை அதன்மேல் வைத்தார். கூடுதலாக அழுத்தினாலும் குறைவாக அழுத்தினாலும் திரையில் அலை குட்டையாகிறது. சரியான அழுத்தத்தில் ஒரே உயரத்தில் வரிசையாக எழும்புகிறது. இறங்கும் சரிவில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. பெருந்தமனி வால்வு மூடுவதால் விழும் தடம் அது. 1860இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எட்டியென் ஜூல் மாரே நெம்புகோலும் புகை படிந்த காகிதமுமாக வரைந்தெடுத்ததும் இதே நாடி அலையைத்தான். கைப்பட்டை வருவதற்கு முன்பே, 1870களில், ஆங்கிலேய மருத்துவர் ஃபிரெடரிக் அக்பர் முகமது இந்தக் கோட்டைப் பார்த்தே உயர் அழுத்தத்தை அடையாளம் கண்டார். என் நாடியும் அப்படியே கோடாக ஓடுவதைப் பார்த்தபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

மணிக்கட்டு அலையிலிருந்து பெருந்தமனியின் அழுத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு அளவுகோலாக வைப்பது கைப்பட்டை பிரஷர்தான். அது தப்பாக இருந்தால் இதுவும் தப்பாகத்தான் வரும்.

அடுத்து ஈசிஜி ஒட்டுகளை மாட்டிக் கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடி பார்த்தார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, உடையைச் சற்றுத் தளர்த்தினால் போதும். மறைப்புக்குத் திரைச்சீலை போடச் சொல்லலாம். இரண்டு இடங்களுக்கும் அலை வந்து சேரும் நேர வித்தியாசம் ஒருபுறம், இடைப்பட்ட தூரம் மறுபுறம். என் தூரம் 62 செ.மீ. உடலின் மேலே அளப்பது அலை உள்ளே போகும் வழியைவிடக் கூடுதலாக வருவதால், அதில் 80 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் 49.6 செ.மீ. நேரம் 55 மில்லி விநாடி. ஆக வேகம் விநாடிக்கு சுமார் 9 மீட்டர். நாடா வயிற்றின் மேடு வழியாக வளைந்து 5 செ.மீ. கூடியிருந்தால் அதே எண் 9.7 ஆகியிருக்கும்! டெக்னீஷியன் நாடாவை நேராகப் பிடிக்க அத்தனை மெனக்கெட்டது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. மறுபடியும் ஒருமுறை எடுத்து, இரண்டும் 0.5க்குள் ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

ரிப்போர்ட்டில் கைப் பிரஷர் 142/86, பெருந்தமனியில் மேல் எண் 131. கையைவிடப் பெருந்தமனியில் குறைவாக இருப்பது இயல்புதான். வேகம் 10க்கு மேல் போனால் பெருந்தமனி விறைத்துவிட்டதாக ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் ஒரு வரம்பு உண்டு. நான் அதற்குக் கீழே, ஆனால் ஐம்பதை நெருங்கும் என் வயதின் சராசரிக்கு மேலே. திரும்பும் அலை பெருந்தமனி அழுத்தத்தை எவ்வளவு கூட்டுகிறது என்பதற்குத் தனியாக ஒரு சதவீதமும் இருந்தது. அது உயரத்தையும் இதயத் துடிப்பின் வேகத்தையும் பொறுத்து மாறும். குட்டையானவர்களுக்கு இயல்பாகவே கூடும். அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றே சொல்வேன்.

இந்தப் பரிசோதனை அடைப்பு இருக்கிறதா என்று சொல்லாது. நெஞ்சுவலி உள்ளவர் இதைச் செய்துகொண்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு முடிவை நம்புவது கடினம். அந்த நேரத்தில் பிரஷர் ஏறியிருந்தாலே அலைவேகமும் ஏறும் என்பதால், இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மருத்துவர் வீட்டுப் பிரஷர் குறிப்பையும் கொலஸ்ட்ரால், சர்க்கரை முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், வேகநடையும் உப்புக் குறைப்பும் தொடரட்டும், வீட்டு எண் 135ஐத் தாண்டி நின்றால் உடனே ஆரம்பித்துவிடலாம் என்றார். அடுத்த வருடம் இதே கருவியில், இதே காலை நேரத்தில் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒப்பிட வசதியாக 62 செ.மீ. தூரத்தையும் அன்றைய பிரஷரையும் ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.