ஏழு அட்டைகளும் ஐந்து இடங்களும்: ஒரு வார்டு பொறுப்புச் செவிலியரின் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

புதிதாகப் படிப்பை முடித்த செவிலியர்களுக்கென்று ஐந்து இடங்கள் வந்திருக்கின்றன: பொது மருத்துவ வார்டில் மூன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்று, குழந்தைகள் வார்டில் ஒன்று. தேர்வுக்குழுவில் இம்முறை என்னையும் சேர்த்திருப்பதால் விண்ணப்பக் கட்டு மாலையில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. யாரையும் அடையாளம் காட்டாமல் இந்த நாட்களைக் குறித்துவைக்க நினைக்கிறேன். வார்டுக்கு வரும் இறுதியாண்டு மாணவிகளில் பெரும்பாலோர் என்னிடம் கேட்பது, "இன்னும் எந்தக் கோர்ஸ் முடித்தால் வேலை கிடைக்கும், சிஸ்டர்?" என்பதுதான்.

முதல் சுற்றில் நான் பார்ப்பவை இரண்டே: செவிலியர் பதிவு செல்லுபடியாகிறதா, அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியான பிஎல்எஸ் முடித்து அதன் இரண்டாண்டுக் காலம் இன்னும் மிச்சம் இருக்கிறதா. இந்த இரண்டும் இல்லாத விண்ணப்பம் மேலே போகாது. ஆகவே பிஎல்எஸ் என்பது கூடுதல் தகுதியாக எண்ணப்படுவதில்லை, அது வாசற்படி.

அதற்கு மேல் வருபவற்றில் ஒரு பெயர்க்குழப்பம் இருக்கிறது. இதயம் நின்றவருக்கு மருந்தும் மின்னதிர்ச்சியும் தரும் மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சியான ஏசிஎல்எஸ், குழந்தைகளுக்கான அதன் வடிவமான பிஏஎல்எஸ் போன்றவற்றுக்குக் கிடைக்கும் அட்டை, பயிற்சியை முடித்ததற்கான சான்று மட்டுமே. துறைசார் தகுதிச்சான்று என்பது முற்றிலும் வேறு. எடுத்துக்காட்டாக, தீவிர சிகிச்சைச் செவிலியருக்கான சிசிஆர்என் தேர்வை எழுத, முந்தைய இரண்டாண்டுகளில் 1,750 மணி நேரம் கடுமையான நிலையில் இருக்கும் நோயாளிகளை நேரடியாகக் கவனித்திருக்க வேண்டும், அதில் 875 மணி நேரம் கடைசி ஓராண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. புதியவர் எவ்வளவு பணம் கட்டினாலும் அதை வாங்க முடியாது. இருந்தும் ஒருவர் தம் விண்ணப்பத்தில் "சிசிஆர்என் (தயாராகிக்கொண்டிருக்கிறேன்)" என்று எழுதியிருக்கிறார். வேலையே தொடங்காதவர் அதற்கு எங்கிருந்து தயாராவார் என்று சிறிது நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு, யாரோ அவரை அப்படி எழுதச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

பிப்ரவரி 5

வந்திருந்த ஒரு விண்ணப்பத்தில் ஏழு சான்றுகள், எல்லாம் சென்ற ஆண்டில் சில மாத இடைவெளிக்குள் முடித்தவை. இன்னொன்றில் பிஎல்எஸ் மட்டும். ஆனால் இறுதியாண்டு நேரடிப் பயிற்சியை எட்டு வாரம் ஒரே மருத்துவ வார்டில் செய்ததாகவும், எத்தனை நோயாளிகளை ஒரே நேரத்தில் பார்த்தார் என்பதும் இரண்டு வரியில் தெளிவாக இருந்தன. குழுவில் உள்ள மூத்தவர், ஏழு சான்று என்பது உழைப்பின் அடையாளம் என்றார். அது சான்று சேர்க்கும் ஆர்வத்தின் அடையாளமாகவும் இருக்கலாமே என்றேன். வாக்குவாதம் முடியவில்லை. இருவரையும் அழைப்பது என்று முடிவாயிற்று.

பிப்ரவரி 8

அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். இப்போதே ஏசிஎல்எஸ் முடித்துவிடட்டுமா, வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளட்டுமா என்பது கேள்வி. "அத்தை, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றாள். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்று சொல்லி அரை மணி நேரம் பேசினேன்.

அட்டை கைக்கு வந்த நாளிலிருந்தே அதன் இரண்டாண்டு கழியத் தொடங்கிவிடுகிறது. வேலை கிடைக்கச் சில மாதம் ஆகி, சேர்ந்ததும் பொது வார்டில் ஓராண்டு போட்டுவிட்டால், மானிட்டரும் மின்னதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டரும் உள்ள இடத்துக்கு அவள் போகும்போது சான்று முடியும் தறுவாயில் இருக்கும், கற்றதும் மறந்திருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் மருத்துவமனைகள் பல, சேர்ந்த பிறகு தம் செலவிலேயே அந்தப் பயிற்சியைத் தருகின்றன. எனவே அறிவிப்பில் ஏசிஎல்எஸ் வேண்டும் என்று கேட்டிருந்தால் முடி. கேட்காவிட்டால் அந்தப் பணத்தையும் நாட்களையும் ஈசிஜி படிப்பதற்குச் செலவிடு என்றேன்.

இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு நெருடல் இருந்தது. என் முதல் வேலை எனக்குக் கிடைத்ததே அந்த அட்டையால்தான். அந்தப் பிரிவில் ஒருவர் திடீரென்று விலகிவிட்டார். பயிற்சிக்கு அனுப்பிக் காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. அட்டையோடு நான் போய் நின்றேன். அதை அவளிடம் மறைக்கவில்லை.

பிப்ரவரி 12

நேர்முகத் தேர்வு. காலை எட்டு மணி முதல் மாலை வரை.

ஏழு சான்றுக்காரரிடம் முதலில் கேட்டது: மானிட்டரில் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நிலை), நாடி இல்லை, என்ன செய்வீர்கள்? தடையில்லாமல் வந்தது பதில்: மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும் சிபிஆர், மின்னதிர்ச்சி, மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் 1 மில்லிகிராம், அடங்காவிட்டால் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் 300 மில்லிகிராம், பின்னர் 150. ஒரு பிழையும் இல்லை. அடுத்த கேள்வியை மூத்தவரே கேட்டார்: "மானிட்டரில் இதயம் நின்றதுபோல் நேர்கோடு. அதே நேரம் நோயாளி உங்களிடம் தண்ணீர் கேட்கிறார். இப்போது?" அவர் அட்ரினலினை நோக்கி இரண்டு சொல் போய்விட்டு, நின்று, முகம் சிவந்து, "லீட் கழன்றிருக்கும்" என்றார், உடலையும் மானிட்டரையும் இணைக்கும் கம்பியைத்தான் சொன்னார். பதில் சரிதான். ஆனால் முதலில் திரையைத்தான் பார்த்தார், படுக்கையைப் பிறகே பார்த்தார் என்பதை அறையில் இருந்த எல்லோரும் கவனித்தோம். ஏட்டில் ஏசிஎல்எஸ் என்று எழுதிவிட்டால் அந்த அளவிலேயே கேள்வியும் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிஎல்எஸ் மட்டும் வைத்திருந்தவரிடம் யாரும் அமியோடரோன் அளவு கேட்கவில்லை.

மதியம் பொம்மையின் மீது செய்முறை. இங்கே என் எண்ணம் கொஞ்சம் கவிழ்ந்தது. மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்துதல், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் முழுதாக எழவிடுதல்: வந்தவர்களில் இதை மிக நேர்த்தியாகச் செய்தவர் அதே ஏழு சான்றுக்காரர்தான். எட்டு வாரம் வார்டில் இருந்தவரின் கைகள் இரண்டாவது நிமிடத்திலேயே தளர்ந்து ஆழம் குறைந்துவிட்டது. திரும்பத் திரும்பப் பயிற்சிக்குப் போனவரின் கைக்கு ஏதோ கிடைக்கத்தான் செய்திருக்கிறது.

நாளின் சிறந்த பதில் வேறொருவரிடமிருந்து வந்தது. பக்கவாத நோயாளியை 0 முதல் 42 வரை மதிப்பிடும் என்ஐஎச்எஸ்எஸ் அளவுகோலுக்கு இணையத்தில் இலவசமாகவே பயிற்சி கிடைக்கிறது. ஏன் அதை முடித்தீர்கள் என்றோம். பயிற்சிக் காலத்தில் ஒரு நோயாளியின் வலக்கை காலையில் இருந்ததைவிடத் தொய்ந்திருப்பதாகத் தோன்றியது, ஆனால் மருத்துவரிடம் "ஏதோ மாதிரி இருக்கிறார்" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை, அன்றிரவே உட்கார்ந்து அதைப் படித்தேன் என்றார். இந்தச் சான்றுக்குப் பின்னால் ஒரு நோயாளி இருந்தார். மூத்தவர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார், நானும் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 13

முடிவு செய்யும் கூட்டம். குழந்தைகள் வார்டுக்கு இருவர் எல்லா வகையிலும் சமமாக நின்றார்கள். ஒருவரிடம் குழந்தைகளுக்கான பிஏஎல்எஸ் இருந்தது, அவரை எடுத்தோம். இந்த முறை ஒரு கூடுதல் சான்று தனியாக நின்று ஓர் இடத்தைத் தீர்மானித்தது அங்கே மட்டும்தான். பொது வார்டின் மூன்று இடங்களில் ஒன்று எட்டு வாரக்காரருக்கு, ஒன்று பக்கவாதக் கேள்விக்குப் பதில் சொன்னவருக்கு, ஒன்று நோயாளியிடம் பேசும் முறையால் எங்களைக் கவர்ந்த ஒருவருக்கு.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஏழு சான்றுக்காரரின் பெயர் நீண்ட நேரம் மேசையில் இருந்தது. செவிலியர் கல்வி அறிஞரான பாட்ரீஷியா பென்னர் செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தபோது, ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டு இருந்தவரையே மூன்றாம் படியில் வைத்தார். புதியவர் யாராக இருந்தாலும் அதற்குக் கீழேதான் தொடங்குகிறார். அட்டைகள் அந்த ஆண்டுகளைச் சுருக்குவதில்லை. எனவே எவருக்குக் கற்றுக்கொடுப்பது எளிது என்பதே எங்கள் கேள்வியாயிற்று, அதில் வேறொருவர் சற்று முந்தினார். அவரிடம் ஏசிஎல்எஸ் கிடையாது. சேர்ந்த பிறகு நாங்களே அனுப்புவோம். என் முதல் வேலை நினைவுக்கு வந்தது. அன்று அவசரம் இருந்தது, இன்று இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

பிப்ரவரி 17

ஏழு சான்றுக்காரர் காரணம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். கேட்கும் துணிவு பிடித்திருந்தது. நேர்கோட்டுக் கேள்வியைச் சொன்னேன், பொம்மையின் மீது செய்தது சிறப்பு என்பதையும் சொன்னேன். அடுத்த முறை விண்ணப்பத்தில் ஏழையும் அடுக்காமல், அந்த வார்டுக்குப் பொருந்தும் இரண்டை மட்டும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அதை வைத்துச் செய்த ஒரு வேலையைக் குறிப்பிடுங்கள் என்றேன். அடுத்த வாரம் இன்னொரு பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறேன், போகட்டுமா என்று கேட்டார். அதைத் திரும்பப் பெற முடியுமானால் பெற்று, எந்த வார்டிலாவது தற்காலிகப் பணியில் சில மாதம் இருக்க முடியுமா என்று பாருங்கள் என்றேன்.

தொலைபேசியை வைத்த பிறகு அவருடைய விண்ணப்பத்தை மறுபடி புரட்டினேன். ஏழில் நான்கு அட்டைகள் அடுத்த ஆண்டு ஒரே மாதத்தில் காலாவதியாகின்றன.