வாழைச்சேனையிலிருந்து திரும்பி வராத ஸ்கூட்டர்

வாழைச்சேனையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, மட்டக்களப்பை நோக்கி மோட்டார் சைக்கிளைத் திருப்பியபோது காலை ஒன்பது மணி. ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் நீளமான இந்த வீதியில் எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறேன். ஆனால் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, இதே வழியாக ஸ்கூட்டரில் புறப்பட்ட யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளாரை நினைத்தபடி மெதுவாக ஓட்டியது இதுவே முதற்தடவை. அவருடன் ஒரு தமிழ் இளைஞனும் வந்தான். இருவருமே மட்டக்களப்பு வந்து சேரவில்லை.

அமெரிக்காவின் லூசியானாவில் 1923இல் பிறந்த அடிகளார், இயேசு சபையினராக 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கற்பித்தார். புனித மைக்கேல் கல்லூரியின் கூடைப்பந்து அணியை நாடே பேசும்படி வளர்த்தார். பின்னர் இளைஞர்களுக்குக் கைத்தொழில் பயிற்றும் நிலையமொன்றை நடத்தினார். வந்து 42 ஆண்டுகளான அவரை வெள்ளைக்காரர் என்று குறிப்பிட்ட எவரையும் நான் சந்தித்ததில்லை. பழைய மாணவர்களுக்கு அவர் ‘எங்கட பாதர்’தான்.

கிரான், சந்திவெளி, சித்தாண்டி கடந்து ஏறாவூரில் வண்டியை நிறுத்தினேன். வீதியோரக் கடையில் சாரங்கள் மடிப்புக் கலையாமல் தொங்கின. பிள்ளைகள் ஐஸ்பழ வண்டியை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும், 11ஆம் 12ஆம் திகதிகளுக்கு இடைப்பட்ட இரவில் ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்தவர்களும் புலிகளால் கொல்லப்பட்டிருந்தார்கள். மறுபுறம் தமிழ்க் கிராமங்களிலும் பிணங்கள் விழுந்தன. அயலூரின் பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சிய அந்த நாட்களில், வாழைச்சேனையில் சிக்கியிருந்த அருட்சகோதரிகளுக்கு உதவப் போனவர், திரும்பும் வழியில் இந்தப் பக்கத்தில்தான் காணாமற்போனார். அப்போது அவருக்கு வயது 66. போகாமலே இருந்திருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக்கு வந்ததும் புனித மரியாள் பேராலயத்துக்குப் போனேன். மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 ஜூன் 6ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டது இங்கேதான். அவரை நினைத்து மெழுகுதிரி ஏற்றுகிறவருக்குத் திகதி தெரியும், இடமும் தெரியும்.

மாலையில் மைதானத்தில் பையன்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மதிலோரம் நின்ற முதியவர் ஒருவர், தானும் ஹேபியர் பாதரிடம் படித்தவர் என்றார். ஒவ்வோர் ஓகஸ்டிலும் அவருக்காகப் பூசை கேட்பீர்களா என்று விசாரித்தேன். பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“கேப்பன் மகன். ஆனா முப்பத்தோராம் நாளை எந்தத் திகதியில இருந்து எண்ணுறது?”