சேட்டக்கின் பின்வீல் ஆட்டம்: இன்ஜினைப் பிரிக்காமல் தப்பித்தது

முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. "என்னங்க, பின்னாடி உட்கார்ந்தா தொட்டில்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் நாற்பதைத் தொட்டதும் வண்டியின் பின்பாதி இடமும் வலமுமாக மெதுவாக அசையும். எனக்கு அது ஹேண்டில்பாரில்தான் தெரிந்தது. அதனால் ஒரு மாசம் முன்வீலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வண்டி அப்பாவுடைய 1986 மாடல் பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர். புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினார். விற்பது என்ற பேச்சே வீட்டில் கிடையாது.

தெருமுனை மெக்கானிக் ஸ்டாண்டு போட்டு, வீலைப் பிடித்து ஒரே ஒரு ஆட்டு ஆட்டினார். "பேரிங் போச்சு சார். இன்ஜின் பிரிக்கணும். பிரிச்சா கியர்பாக்ஸையும் பார்த்துடலாம்." பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த 'பார்த்துடலாம்' என்றால் என்னவென்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரை டைம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

காசு செலவாகாத வேலையிலிருந்து ஆரம்பித்தேன். காற்று சரியாக இருந்தது. வீல் நட்டு ஐந்தும் டைட். அடுத்தது ரிம் கோட்டமா என்று பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் சேட்டக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், ஸ்டெப்னி கையிலேயே இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் அதே வீல்தான். நட்டு ஐந்தையும் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி ஒரு ரவுண்டு போய் வந்தேன். அதே ஆட்டம், அதே நாற்பதில். ஆக டயரும் இல்லை, ரிம்மும் இல்லை. பத்து நிமிஷத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

இந்த வண்டியில் பின்வீல் எப்படி நிற்கிறது என்று தெரிந்தால்தான் மிச்சம் புரியும். மோட்டார்சைக்கிள் மாதிரி இரண்டு பக்கமும் பிடிமானம் கிடையாது, செயினும் கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் இடது பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு வரும். அதில் நீளவாக்கில் பற்கள். பிரேக் டிரம்முக்கு உள்ளேயும் அதற்குப் பொருந்தும் பற்கள். டிரம்மை ஷாஃப்டில் செருகி, ஒரே ஒரு பெரிய காஸில் நட்டை, அதாவது தலையில் பள்ளங்கள் வெட்டிய நட்டைப் போட்டு இறுக்கி, அது கழலாமல் பள்ளம் வழியாக ஷாஃப்டின் ஓட்டையில் ஸ்ப்ளிட் பின் என்ற இரட்டைக்கால் கம்பியைக் குத்துவார்கள். டிரம் மேல் வீல். இதன் பூர்வீகம் இத்தாலிய ஸ்கூட்டரான வெஸ்பா. 1946-இல் வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். பஞ்சரானால் கார் வீல் போலச் சட்டென்று கழற்றலாம் என்பது நமக்கு வசதி. ஆனால் டிரம் ஆடாமல் நிற்பதற்குப் பொறுப்பு அந்த ஒற்றை நட்டு.

வீல் ஆடினால் மூன்று இடத்தில் ஆடலாம். டிரம் ஷாஃப்டின் மேல் ஆடலாம். ஷாஃப்டே பேரிங்குக்குள் ஆடலாம். அல்லது இன்ஜினை பாடியோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து இன்ஜினோடு சேர்த்து எல்லாமே ஆடலாம். வீலைப் பிடித்து ஆட்டினால் மூன்றும் கையில் ஒரே மாதிரிதான் இருக்கும். மெக்கானிக் அவசரப்பட்டது அங்கேதான்.

ஸ்டாண்டுக்கு அடியில் பலகைத் துண்டு வைத்து வீலைத் தரையிலிருந்து தூக்கினேன். டிரம்மின் நடுமூடியை எடுத்தால் நட்டு தெரியும். மகனின் ஸ்கூல் பையிலிருந்து எடுத்த சாக்பீஸால் ஷாஃப்ட் முனையிலிருந்து நட்டு வழியாக டிரம் வரைக்கும் நேராக ஒரு கோடு போட்டேன். வண்டியை கியரில் போட்டேன். டார்ச்சை அவன் பிடித்துக்கொள்ள, நான் டயரை முன்னும் பின்னுமாகத் தள்ளினேன்.

"அப்பா, கோடு உடையுது."

குனிந்து பார்த்தேன். ஷாஃப்டும் நட்டும் அசையாமல் நிற்க, டிரம் மட்டும் கொஞ்சம் முன்னே போய்ப் பின்னே வந்தது. கோடு உடைவதும் ஒட்டுவதுமாக இருந்தது. கியரில் எப்போதும் கொஞ்சம் லொடலொடப்பு இருக்கும்தான், ஆனால் அதில் ஷாஃப்டும் டிரம்மும் சேர்ந்தே திரும்பும், கோடு உடையாது. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோதும் ஷாஃப்ட் இம்மி நகரவில்லை. பேரிங் நிரபராதி! ஆக்ஸிலரேட்டரை விடும்போதெல்லாம் கேட்ட 'டக்' சத்தத்துக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

நட்டைக் கழற்றப் போனால் இன்னொரு கூத்து. ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் ஒரு ஆணி. தலையை வெட்டி வளைத்துச் செருகிய ஆணி, அதிலும் பாதி உடைந்து போயிருந்தது. எப்போதோ பிரேக் ஷூ மாற்றிய யாரோ செய்த கைங்கரியம். நட்டுக்கு ஸ்பேனரில் பலமே தேவைப்படவில்லை, கையாலேயே வந்துவிட்டது. டிரம்மை இழுத்ததும் உள்ளேயிருந்து காவிப்பொடி மாதிரி துரு கொட்டியது. இரும்போடு இரும்பு உரசி உரசி வந்த பொடி. டிரம்மின் பற்கள் தேய்ந்து ரம்பப்பல் போலக் கூராகிவிட்டன. ஷாஃப்ட் பற்களை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பார்த்தேன். விளிம்பு லேசாக மழுங்கியிருந்தாலும் உடம்பு அப்படியே இருந்தது. அதுவும் போயிருந்தால் மெக்கானிக் சொன்ன இன்ஜின் பிரிப்பு நிஜமாகியிருக்கும்.

பழைய டிரம்மைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் கிடைக்கும் புதுப்பேட்டை. 1972-இல் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் தயாரான வண்டி என்பதால் பாகத்துக்குப் பஞ்சமில்லை, தேர்ந்தெடுப்பதுதான் பாடு. முதல் கடையில் பளபளவென்று புது டிரம் கொடுத்தார்கள். பற்களைப் பார்த்தால் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தது. அடுத்த கடை பாய் என் பழைய டிரம்மை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இத எப்படி சார் ஓட்டுனீங்க?" என்றார். பரணிலிருந்து ஒரு பழைய கம்பெனி டிரம் வந்தது. 850 ரூபாய். பல் சதுரமாக, முழுசாக இருந்தது. கூடவே புது நட்டும் ஸ்ப்ளிட் பின் நான்கும். பின்னுக்கு அவர் காசு வாங்கவில்லை.

மாட்டும்போது முதலில் நட்டே இல்லாமல் டிரம்மை ஷாஃப்டில் செருகித் திருப்பிப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை. பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, மகனைப் பின் பிரேக் மேல் ஏறி நிற்கச் சொல்லிவிட்டு, பாக்ஸ் ஸ்பேனர் கம்பியில் இரண்டடி பைப்பைச் சொருகி இறுக்கினேன். நட்டின் பள்ளம் ஷாஃப்டின் ஓட்டைக்கு நேராக வரவில்லை. அந்த நேரத்தில் கொஞ்சம் பின்னால் திருப்பலாமே என்றுதான் கை போகும். கூடாது, இன்னும் முன்னால்தான் இறுக்க வேண்டும். முக்கி முனகி அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுவந்து பின்னைக் குத்தி, இரண்டு காலையும் மடக்கினேன்.

தாம்பரம் வரை போய் வந்தேன். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. மனைவி பின்னாலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. கேட்டபோது, "ஏன், என்ன பண்ணீங்க?" என்றாள்.

நூறு கிலோமீட்டர் கழித்துப் பின்னை உருவி மறுபடி இறுக்கியதில் நட்டு ஒரு பள்ளம் நகர்ந்தது. புது டிரம் உட்கார்ந்த பிறகு அப்படித்தான் ஆகும். இதைச் செய்யாமல் விட்டால் பழைய கதை திரும்ப ஆரம்பிக்கும்.

இதில் நான் செய்த மடத்தனம் ஒன்று உண்டு. டிரம் கையில் இருந்தபோதே அதற்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீலை, அதாவது கியர் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையத்தை மாற்றியிருக்க வேண்டும். சின்னச் சாமான், அந்த வேலையோடு வேலையாக முடிந்திருக்கும். இப்போது காலையில் வண்டியை எடுக்கும்போது பின்வீலுக்குக் கீழே கியர் ஆயில் ஒரு சொட்டு கிடக்கிறது. பிரேக் ஷூ நனைவதற்குள் நட்டைத் திரும்பக் கழற்றியாக வேண்டும். பாய் கொடுத்த பின் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது.