ட்ரெய்லர் டயர் இரண்டு முறை வெடித்த பிறகு: 6,000 கி.மீ. அனுபவப் பதிவு

என்னுடையது இரண்டு ஆக்சில், நான்கு சக்கரம் உள்ள பயண ட்ரெய்லர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவது. பழையதாகத்தான் வாங்கினேன். வாங்கிய முதல் வருடத்திலேயே 140 கி.மீ. இடைவெளியில் இரண்டு டயர் வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு என்னென்ன மாற்றினேன், எதை அளந்தேன், எது உதவியது என்று எழுதி வைத்திருந்ததை இங்கே தொகுத்திருக்கிறேன். ட்ரெய்லர் இழுக்கும் யாருக்காவது ஒரு வெடிப்பையாவது இது தவிர்க்கட்டும்.

முதல் டயர் வெடித்தது எனக்குத் தெரியவே இல்லை. சத்தம் கேட்கவில்லை, ஸ்டியரிங்கிலும் ஒன்றும் உணரவில்லை. பின்னால் வந்த ஒருவர் விளக்கை விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தார், கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் புகையும் ரப்பர் துண்டுகளும் பறக்கின்றன. பதறிப்போய் பிரேக்கை அழுத்தி மிதித்தேன், ட்ரெய்லரின் வால் ஒரு முறை பக்கவாட்டில் வீசியது. நல்ல வேளை, பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. நின்ற பிறகு பார்த்தால், கிழிந்த டயர் பட்டை சாட்டை மாதிரி சுழன்று கீழ்த் தகட்டைக் கிழித்து, கழிவுநீர்க் குழாயை உடைத்து, பிரேக்குக்குப் போகும் ஒயரையும் அறுத்திருந்தது. டயரை விட இந்தச் சேதத்தைச் சரி செய்யத்தான் அதிக நாள் ஆனது.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதே பக்கத்தில் இருந்த இன்னொரு டயரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு ஆக்சில் ட்ரெய்லரில் ஒரு டயர் காற்றிழந்தால் அந்தப் பக்கத்து எடை கிட்டத்தட்ட முழுவதும் அடுத்த டயரின் தலையில் விழுகிறது. எத்தனை கிலோமீட்டர் அப்படி ஓடியது என்று எனக்குத் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும் நரம்பும் பெல்ட்டும் அப்போதே சேதமாகியிருக்க வேண்டும். வெளியே பார்த்தால் நல்ல டயர். 140 கி.மீ. தாண்டியதும் அதுவும் போனது. ஒரு பக்கத்தில் ஒன்று வெடித்தால் அதன் ஜோடியையும் சந்தேகப்பட வேண்டும், அருகில் எங்கே டயர் கிடைக்குமோ அதுவரை மெதுவாகப் போய் அதையும் மாற்றிவிட வேண்டும். இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது முறை கொஞ்சம் நிதானம் வந்திருந்தது. பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடாமல் மெல்ல மெல்லக் குறைத்து, வண்டி நேராக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு ஓரம் கட்டினேன். ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தால் அதன் பிரேக்கை மட்டும், ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரில் கையால் லேசாகப் போடலாம், பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும்போது ஆட்டம் அடங்கும். அந்த முறை தேவைப்படவில்லை. நின்றதும் முதல் வேலையாக கேஸ் சிலிண்டர் வால்வை மூடினேன், ஏனென்றால் கேஸ் குழாயும் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் கழற்றிப் போட்டு உட்கார்ந்தேன். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரிசையில் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த தேதி: 3216 என்றால் 2016-ம் ஆண்டின் 32-வது வாரம். சில டயர்களில் அது உள்பக்கம் பார்த்த சுவரில் மட்டும் இருக்கும், டார்ச் அடித்துக் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். வெடித்த இரண்டுக்கும் ஏழு வயது. ஸ்டெப்னிக்கு அதைவிட அதிகம். ஆனால் பட்டன் (சாலையில் படும் பக்கத்து ரப்பர் கட்டைகள்) எல்லாம் புதிது மாதிரி ஆழமாக இருந்தது, நான் ஏமாந்தது அதில்தான். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம். வருடத்தில் பாதி நாள் ஒரே இடத்தில் வெயிலில் நின்று, ரப்பர் காய்ந்து, உள்ளே அடுக்குகள் ஒட்டுதலை இழந்துதான் சாகிறது. ஐந்து வருடம் தாண்டினால் பட்டனைப் பார்க்காமல் மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன்.

அப்புறம் எடை. இந்த முழு வேலையிலும் எனக்குக் கண் திறந்தது எடை மேடையில்தான். என் டயர் எஸ்.டி. 205/75 ஆர் 14, லோட் ரேஞ்ச் சி. எஸ்.டி. என்றால் ட்ரெய்லருக்கென்றே செய்த டயர், லோட் ரேஞ்ச் என்பது எவ்வளவு எடை தாங்கும் என்ற வகுப்பு. 50 பி.எஸ்.ஐ. காற்றில் ஒவ்வொன்றும் 1,760 பவுண்டு, அதாவது சுமார் 798 கிலோ தாங்கும். நான்குக்கும் சேர்த்து 3,192 கிலோ. தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி ஆக்சில்களை எடை போட்டால் மொத்தம் 2,960 கிலோ. அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் மனம் கேட்காமல், ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ட்ரெய்லரை ஓரமாக நிறுத்தி, ஆக்சில் ஆக்சிலாக மறுபடியும் போட்டேன். இடது முன் 840, இடது பின் 770, வலது முன் 690, வலது பின் 660. அடுப்பு, ஃபிரிட்ஜ், பேட்டரி, நான் சேர்த்து வைத்த கருவிப் பெட்டி எல்லாம் இடது பக்கம். முதலில் வெடித்ததும் இடது முன் டயர்தான். மொத்த எடை சரியாக இருந்தும் ஒரு டயர் மட்டும் மாதக்கணக்கில் தன் அளவுக்கு மேல் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறது.

இதற்கு மேல் நான் காற்றையும் குறைத்து வைத்திருந்தேன். குலுக்கல் குறையும் என்று 45 வைப்பேன், மத்தியானம் அளந்து 50க்கு மேல் காட்டினால் கொஞ்சம் திறந்தும் விடுவேன். இரண்டுமே தவறு. பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அழுத்தம் குளிர்ந்த டயருக்கானது, காலையில் கிளம்பும் முன் அளப்பது. ஓடி வெப்பம் ஏறினால் அழுத்தமும் ஏறத்தான் செய்யும், அதை இறக்கவே கூடாது. காற்று குறைந்த டயரில் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. என் அளவு டயர் 90 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 12 தடவை சுற்றும். ஒரு கம்பியை நொடிக்கு 12 தடவை வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் எப்படிச் சூடாகுமோ அப்படித்தான். அந்தச் சூட்டில் ரப்பர் அடுக்குகள் பிரிந்து கடைசியில் ஒரு நாள் கிழிகிறது. குழியிலோ கல்லிலோ ஏறித்தான் வெடித்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் பல நேரம் அது வாரக்கணக்கில் முன்பே ஆரம்பித்த விஷயம்.

சரி, புதுசாக என்ன போட்டேன் என்றால், அதே அளவில் லோட் ரேஞ்ச் டி. 65 பி.எஸ்.ஐ., ஒன்று 2,040 பவுண்டு, சுமார் 925 கிலோ. மாற்றும் முன் ரிம்மின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எடை அளவையும் அழுத்த அளவையும் பார்த்தேன். டயர் தாங்கினாலும் ரிம் தாங்காவிட்டால் பயனில்லை. ரப்பர் வால்வை எடுத்துவிட்டு நட்டு போட்டு முறுக்கும் உலோக வால்வு வைத்தேன். சாதாரண ரப்பர் வால்வுக்கு 65 என்பதே உச்சம், அதன் மேல் சென்சாரின் எடையும் சேர்ந்து ஆடினால் அடியில் விரிசல் விடும். கருவிப் பெட்டியையும் ஒரு பேட்டரியையும் வலது பக்கம் மாற்றி மறுபடி எடை போட்டேன், அதே வரிசையில்: 790, 745, 735, 690. அதிகச் சுமை உள்ள டயரிலும் இப்போது சுமார் 15 சதவீதம் மிச்சம் இருக்கிறது.

0 கி.மீ.

புது டயர் போட்டதிலிருந்து கணக்கு இங்கே ஆரம்பம். நான்கு வால்விலும் அழுத்தம், வெப்பம் இரண்டையும் காட்டும் சென்சார் மாட்டினேன். ஸ்டெப்னிக்கும் ஒன்று. குறைந்தபட்ச அழுத்த எச்சரிக்கை 57 பி.எஸ்.ஐ., வெப்ப எச்சரிக்கை 70 டிகிரி. ட்ரெய்லரின் நீளத்தில் பின் சக்கரங்களின் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் நடுவில் ஒரு சிக்னல் பூஸ்டர் வைக்க வேண்டியிருந்தது. வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்து, என் வீலுக்குச் சொல்லியிருக்கும் 135 நியூட்டன் மீட்டரில் முறுக்கினேன். அறுந்த பிரேக் ஒயரை மாற்றும்போது கெட்டியான குழாய்க்குள் விட்டு சக்கரக் குழியிலிருந்து தள்ளிக் கொண்டுபோனேன்.

80 கி.மீ.

நட்டுகளை மறுபடி சோதித்தேன். இரண்டு நட்டு கால் சுற்று இளகியிருந்தது. புது வீலோ கழற்றி மாட்டிய வீலோ, இதைக் கட்டாயம் செய்யுங்கள். 160-லும் ஒரு முறை பார்த்தேன், அப்போது எதுவும் அசையவில்லை.

600 கி.மீ.

நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் வெப்பமானித் துப்பாக்கியால் நான்கு ஹப்பையும் (சக்கரத்தின் மையப் பகுதி) டயரையும் அளப்பது பழக்கமாகிவிட்டது. மூன்று ஹப் 48-50 டிகிரி, இடது பின் மட்டும் 78. பேரிங் என்று பயந்து பிரித்தேன். பேரிங்கும் கிரீஸும் நன்றாகத்தான் இருந்தது, பிரேக் ஷூதான் அட்ஜஸ்ட்மென்ட் அதிகமாகி டிரம்மில் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கும் போகும். இளக்கிவிட்ட பிறகு 51.

1,900 கி.மீ.

எண்களோடு பழகியாயிற்று. காலையில் நான்கிலும் 65, ஒரு மணி நேரம் ஓடினால் 71-லிருந்து 73. வெயில் படும் பக்கம் ஒன்றிரண்டு அதிகம் காட்டும், திசை மாறினால் அந்த வித்தியாசமும் பக்கம் மாறும். காலைக் குளிர் 10 டிகிரி மாறினால் என் டயரில் இரண்டரை பி.எஸ்.ஐ. அளவு மாறுகிறது, அதனால் ஊருக்கு ஊர் காலையில் கேஜ் வைத்துப் பார்த்துச் சரி செய்கிறேன். எஸ்.டி. டயரில் வேகக் குறியீடு இல்லாவிட்டால் உச்சம் மணிக்கு 65 மைல், அதாவது 105 கி.மீ. என்று கொள்வது வழக்கம். என் டயருக்கு அதைவிட அதிகம் அனுமதி இருந்தாலும் நான் 90-ஐத் தாண்டுவதில்லை. 90-ல் ஓடும்போது டயர் வெப்பம் கண்ணெதிரே குறைவதைப் பார்த்த பிறகு வேகமாகப் போக மனம் வரவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். நிறுத்தும் இடத்தில் பின்னால் எடுத்து ஒடித்துத் திருப்பும்போது இரண்டு ஆக்சில் டயர்களும் எதிரெதிராகப் பக்கவாட்டில் இழுபடுகின்றன, டயரின் வயிறு பிதுங்குவது நின்று பார்த்தால் நன்றாகவே தெரியும். உள் பெல்ட்டுக்கு அது கெடுதல். முடிந்தவரை அகலமாக வளைத்து எடுக்கிறேன், இடம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போய்வருகிறேன்.

3,000 கி.மீ.

வீட்டு வாசலில் டயர் மாற்றிப் பழகினேன். நெடுஞ்சாலை ஓரத்தில் முதல் முறையாகச் செய்வது ஆபத்து. ட்ரெய்லரை இழுக்கும் வண்டியிலிருந்து கழற்றாமல், ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப் பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தூக்கும் முன்பே நட்டுகளை லேசாக இளக்க வேண்டும். ஜாக்கியை ஆக்சில் குழாயின் நடுவில் வைக்கக் கூடாது, குழாய் வளைந்தால் அலைன்மென்ட் போய் அடுத்த டயரும் ஒரு பக்கம் தேயும். ஸ்பிரிங் ஆக்சிலோடு சேரும் தட்டுக்கு அடியில் வைத்தேன். நல்ல டயரைப் பலகை அடுக்கின் மேல் ஏற்றிப் பஞ்சரான டயரைத் தொங்கவிடும் முறையையும் செய்து பார்த்தேன். வேகமாக முடிகிறது, ஆனால் காற்றடைத்த ஸ்டெப்னி பெரியது என்பதால் பலகை இன்னும் ஓரடுக்கு வேண்டியிருந்தது.

4,100 கி.மீ.

இவ்வளவு செய்ததற்கும் பலன் கிடைத்த நாள். மூன்று சக்கரத்தில் அழுத்தம் 72, வலது பின் 70. கொஞ்ச நேரத்தில் 68. இருபது நிமிடத்துக்குள் 66. எச்சரிக்கை மணி இன்னும் அடிக்கவில்லை, ஏனென்றால் 57 வரை அது அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் மற்ற மூன்றும் அசையாமல் இருக்கும்போது ஒன்று மட்டும் இறங்குவதைப் பார்த்ததும் ஓரம் கட்டிவிட்டேன். பட்டன் நடுவில் ஓர் ஆணி. ஸ்டெப்னியை மாற்றிக் கிளம்பினேன், அரை மணி நேரம் ஆனது. பிறகு டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்கச் சொன்னேன். காற்றில்லாமல் ஓடிய டயராக இருந்தால் உள்சுவர் உரசி ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும். தூள் இல்லை, சுவர் வழவழப்பாக இருந்தது. உள்பக்கமிருந்து ஒட்டுப் போட்டு அதே டயர் இன்னும் ஓடுகிறது.

6,000 கி.மீ.

நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றிவிட்டு, பட்டன் மேல் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். பெல்ட் பிரிய ஆரம்பித்தால் மேடு தட்டும், சுற்றும்போது ஆடும். எதுவும் இல்லை. வலது முன் டயரின் உள் ஓரம் மட்டும் மற்றவற்றை விட ஒரு மில்லிமீட்டர் அதிகம் தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் புஷ்ஷைத் தொட்டுப் பார்த்தால் ஆட்டம் தெரிகிறது. அடுத்த வாரம் எட்டு புஷ்ஷையும் மாற்றிவிட்டு ஆக்சில் இரண்டும் இணையாக இருக்கிறதா என்று டேப் வைத்து அளக்கப் போகிறேன். அதுவரை ட்ரெய்லர் டயர் உறையோடு பலகை மேல் நிற்கிறது, காற்று 65.